வாழ்க்கைத் துணைக்கு மனநோயோ என்னும் ஐயம் எழும்போது

தஞ்சோங் ரம்புத்தான் என்னும் பெயரை அறியாதார் பேரா மாநிலத் தோட்டங்களில் இலர். ஈப்போவுக்கு அருகிலுள்ள அச்சிற்றூரில் 1911-ஆம் ஆண்டில் மனநோயாளர்களுக்கான மருத்துவமனை திறக்கப்பட்டது. நாளடைவில் ஊரின் பெயரே நம் மக்களிடையே ஓர் ஏச்சுச் சொல்லாகிவிட்டது. சிறுவர் சண்டையிலும் பெரியோர் கேலியிலும், “உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்” என்னும் பேச்சு இன்றும் கேட்கின்றது.

1970-களின் தொடக்கத்தில் அம்மருத்துவமனைக்குப் பஹாகியா எனப் பெயர் சூட்டப்பட்டது. மலாய் மொழியில் பஹாகியா எனில் மகிழ்ச்சி என்று பொருள். பெயரோடு சிகிச்சை முறைகளும் மாறின. முன்னாளில் உள்ளே சென்றவர் பலர் ஆயுள் முழுதும் அங்கேயே தங்கினர்; இந்நாளில் மிகப் பலர் மருந்து பெற்று வீட்டிலிருந்தே வேலைக்குச் செல்கின்றனர். ஆயினும் பழைய ஏச்சு மாறவில்லை. ‘ஊரார் என்ன சொல்வார்களோ’ என்னும் அச்சத்தால், மருத்துவரிடம் செல்ல வேண்டியவர்கள் செல்லாமல் இருந்துவிடுகின்றனர். இதனால் முதலில் துன்புறுபவர் நோயாளி. அடுத்துத் துன்புறுபவர் அவருடைய கணவர் அல்லது மனைவி.

இக்கட்டுரை அவ்விரண்டாமவருக்காகவே எழுதப்படுகின்றது. தம் துணைக்கு ஏதோ ஒரு மனக்கோளாறு இருப்பதாக ஐயுற்று, அது இன்னதெனத் தெரியாமல், யாரிடம் சொல்வதென்றும் அறியாமல் இருப்போர் செய்யத் தக்கன யாவை, தகாதன யாவை என்பதை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

இரு முனைகளுடைய நோய்

மனநோய்கள் பலவகைப்படும். அவற்றுள் ஒன்று இருமுனை மனநோய். மருத்துவர்கள் இதனைப் ‘பைபோலார்’ என்பர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 4 கோடி மக்கள் இந்நோயுடன் வாழ்ந்தனர். ஆண், பெண் என்ற வேறுபாடின்றி இருபாலரையும் இது பற்றும். பெரும்பாலும் இளமைப் பருவத்திலேயே தலைகாட்டும். குடும்ப வழியாக வரும் தன்மை இதற்கு ஓரளவு உண்டு. ஆயினும் இந்நோயுடைய தாய் தந்தையரின் பிள்ளைகளுள் பெரும்பாலோர்க்கு இது வருவதில்லை என்பதையும் மறத்தலாகாது.

இந்நோயின் ஒரு முனை மனச்சோர்வு. இரண்டு வாரங்களுக்கு மேலாகச் சோகம் நீங்காதிருக்கும். உணவில் விருப்பம் குறையும். பேச மனம் வாராது. படுக்கையை விட்டு எழுவதே மலையைப் புரட்டுவது போலாகும். ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்ற எண்ணம் வளரும். சிலருக்கு இறந்துவிடலாம் என்ற எண்ணமும் தோன்றும்.

மறு முனை மிகையெழுச்சி. உள்ளம் அளவுக்கு மீறிப் பொங்கி எழும். இரண்டு மூன்று மணி நேரமே உறங்கியவர், களைப்பே இல்லாமல் சுறுசுறுப்புடன் இருப்பார். பேச்சு விரைவாகவும் இடைவிடாமலும் வரும். ஒரு செய்தி முடியுமுன் மற்றொன்றுக்குத் தாவும். பெருந்திட்டங்கள் தோன்றும். கைப்பணம் கரையும். தடுப்பவர் மீது கடுஞ்சினம் பாயும். இந்நிலை ஒரு வாரமோ அதற்கு மேலோ நீடிக்கும். முற்றிய நிலையில், தாம் தெய்வ அருள் பெற்றவர் என்றோ, பிறர் தம்மைக் கொல்லச் சூழ்ச்சி செய்கின்றனர் என்றோ உறுதியாக நம்புவாரும் உளர். சிலருக்கு இவ்வெழுச்சி இலேசான அளவில் சில நாள்கள் மட்டும் தோன்றி மறையும்.

இவ்விரு முனைகளுக்கும் இடையே, அவர் எல்லாரையும் போல நலமாக இருக்கும் காலமும் உண்டு. அது சில வாரங்களாகவும் இருக்கலாம். சில ஆண்டுகளாகவும் இருக்கலாம்.

ஏன் அறியப்படாமல் போகின்றது?

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். கணவர் பால்மரம் வெட்டுபவர். மூன்று மாதங்களாக அவர் பெரட்டுக்கு ஒழுங்காக வருவதில்லை. வந்தாலும் நிரையைப் பாதியில் விட்டுவிடுகின்றார். மண்டோர் அவரைச் சோம்பேறி என்கின்றார். மனைவியின் உறவினரோ பொறுப்பற்றவர் என்கின்றனர். பிறகு ஒரு வாரத்தில் எல்லாம் மாறிவிடுகின்றது. விடியுமுன் எழுந்து வெட்டுக்காட்டுக்கு ஓடுகின்றார். ஒருவரே இருவர் வேலையைச் செய்கின்றார். கிராணியார் பாராட்டுகின்றார். மனைவியும், “அப்பாடா, குணமாகிவிட்டது” என்று கோயிலில் அர்ச்சனை செய்கின்றார்.

ஆனால் கத்தி மரத்தில் ஆழமாகப் பாய்ந்து பட்டைகள் காயப்படுகின்றன. இரவு இரண்டு மணிக்கு வீட்டுச் சுவருக்குச் சாயம் அடிக்கின்றார். தவணைக்குப் புதிய மோட்டார் சைக்கிள் வாங்குகின்றார். லோரி வாங்கி வாணிகம் செய்யப் போவதாகக் கூறி ஆலோங்கிடம் கடன் பெறுகின்றார். ஒரு சொல் மறுத்துச் சொன்ன மைத்துனரை அடிக்கக் கை ஓங்குகின்றார். அடுத்த மாதம் மீண்டும் படுக்கையில் விழுகின்றார். இப்பொழுது சோர்வோடு கடனும் சேர்ந்துகொள்கின்றது.

இக்குடும்பம் கற்பனையே. ஆனால் இதன் கூறுகள் இந்நோயுள்ள வீடுகளில் பலரும் கண்டவை. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. சோர்வுக் காலத்தை நோயென ஐயுற்ற மனைவி, எழுச்சிக் காலத்தை நலமென்று எண்ணிவிட்டார். இந்நோய் பல ஆண்டுகள் அறியப்படாமல் இருப்பதற்குத் தலையாய காரணம் இதுவே. எழுச்சியிலிருப்பவர், தாம் இதுவரை இவ்வளவு நலமாக இருந்ததே இல்லை என்பார். ஆகவே மருத்துவரை நாடார். சோர்வு வந்தபின் மருத்துவரிடம் சென்றாலும், சோர்வைப் பற்றி மட்டுமே கூறுவார். மருத்துவர் அதற்குரிய மருந்தை மட்டும் கொடுப்பார். இருமுனை நோயுடையார் சிலர்க்கு, சோர்வு நீக்கும் மருந்தைத் தனியே கொடுத்தால் அதுவே மனத்தை மறுமுனைக்குத் தள்ளிவிடுதல் கூடும்.

ஆதலால், துணைவர் ஒருவர் செய்யக்கூடிய பேருதவி, எழுச்சி நாள்களைப் பற்றி மருத்துவரிடம் எடுத்துச் சொல்வதே ஆகும். நோய்க்குப் பெயரிடுவது அவர் பணி அன்று. கண்டதைக் கண்டபடி சொல்வதே அவர் பணி.

சிறு குறிப்பேட்டின் பயன்

ஒரு நாள் பாலை நிறுத்துப் பார்த்து, ஒரு மரத்தின் ஆண்டு விளைச்சலைச் சொல்ல முடியுமா? முடியாது. மழை நாள் உண்டு. இலை உதிரும் காலம் உண்டு. நன்றாகப் பால் வடியும் மாதமும் உண்டு. அதனால்தான் நாள்தோறும் நிறுத்துக் கணக்கெழுதுகின்றனர். மருத்துவர் நோயாளியைக் காண்பது கால் மணி நேரம். துணைவரோ ஆண்டு முழுவதும் காண்கின்றார். அந்த ஆண்டுக் கணக்கை அவர் எழுதி வைத்தல் வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளின் பழைய குறிப்பேடு ஒன்று போதும். நாளொன்றுக்கு இரண்டு வரி எழுதலாம். கீழ்க்கண்டவை அதில் இடம்பெற வேண்டும்:

முதலாவது, உறக்கம். எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணிக்கு எழுந்தார், எழுந்தபின் களைப்பாக இருந்தாரா, களைப்பின்றி இருந்தாரா என்பன. உறக்கம் வாராமல் புரண்டு வருந்துவது வேறு. உறக்கமே தேவையில்லாதவர் போல் நடமாடுவது வேறு. இவ்வேறுபாடு மருத்துவருக்கு மிக முக்கியமானது.

இரண்டாவது, வேலை. எந்த நாள்களில் வேலைக்குச் செல்லவில்லை. எந்த நாள்களில் வழக்கத்துக்கு மீறி உழைத்தார்.

மூன்றாவது, பணம். புதிய கடன், பெருஞ்செலவு, சூதாட்டம்.

நான்காவது, பேச்சும் சினமும். இடைவிடாப் பேச்சு, காரணமின்றி வந்த சண்டை, அல்லது நாள் முழுதும் பேசாதிருத்தல்.

ஐந்தாவது, கள், சம்சு, பிற போதைப் பொருள்கள். போதைப் பொருள்களுள் சில, மிகையெழுச்சியைப் போன்ற தோற்றத்தை உண்டாக்க வல்லவை. ஆகவே எது முன், எது பின் என்று எழுதி வைத்தல் நன்று.

ஆறாவது, பெண்களாயின் மகப்பேறு. குழந்தை பிறந்த சில வாரங்களுக்குள் தாயின் மனநிலை கடுமையாக மாறினால், அதனைப் ‘பிள்ளை பெற்ற களைப்பு’ என விட்டுவிடலாகாது. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இக்குறிப்பேடு குற்றப்பத்திரிகை அன்று. சினந்து எழுதுதல் கூடாது. “அட்டகாசம் செய்தார்” என்று எழுதுவதை விட, “இரவு 3 மணிக்கு எழுந்து சமைத்தார், நான்கு இரவுகள் இப்படி” என்று எழுதுவதே பயன்தரும்.

எவ்வாறு பேசுவது?

“உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது” என்று சொல்லி எவரையும் மருத்துவரிடம் அழைத்துச் சென்றுவிட முடியாது. அச்சொல் வாயிலிருந்து வந்த கணமே கதவு அடைபட்டுவிடும்.

பேசுவதற்குரிய காலம், மனம் சமநிலையில் இருக்கும் காலம். எழுச்சி முற்றிய நேரத்தில் வாதிடுவது வீண். தீயில் எண்ணெய் ஊற்றியது போலாகும். அப்பொழுது குரலைத் தாழ்த்திச் சுருக்கமாகப் பேசுதல் வேண்டும். வானொலி, தொலைக்காட்சி, வந்தவர் போனவர் கூட்டம் ஆகியவற்றைக் குறைத்து, வீட்டை அமைதியாக வைத்தல் வேண்டும். அவருடைய பெருந்திட்டங்களை மறுத்தும் பேச வேண்டா; ஆமோதித்தும் பேச வேண்டா. “இன்று உறங்குவோம், நாளை பார்ப்போம்” என்பதே தக்க விடை.

சமநிலையில் இருக்கும்போது, மனத்தைப் பற்றித் தொடங்காமல் உடலைப் பற்றித் தொடங்கலாம். “என்னங்க, பல இரவாக உறக்கம் இல்லை; உடம்பும் இளைத்துவிட்டது. ஒருமுறை டாக்டரிடம் காட்டுவோமே, நானும் கூட வருகிறேன்” என்று மனைவி கூறினால், மறுப்பவர் சிலரே. இஃது ஏமாற்று அன்று. உறக்கம் கெடுவது உண்மையிலேயே இந்நோயின் முதல் அடையாளங்களுள் ஒன்று. கணவர் தம் மனைவியிடம் பேசும்போதும் இதே முறையைக் கைக்கொள்ளலாம். துணைவர் சொல்லைக் கேளாதவர், தாய் மாமன், மூத்த அண்ணன், பழைய ஆசிரியர், தொழிற்சங்கத் தலைவர் என யாரேனும் ஒருவர் சொல்லைக் கேட்பார். அத்தகைய ஒருவரை மட்டும் நம்பிக்கைக்கு உரியவராகக் கொண்டு செய்தியைக் கூறலாம். லயம் முழுவதும் அறியச் செய்தல் கூடாது.

சோர்வு நிலையில் உள்ளவரிடம், “எழுந்து வேலையைப் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்று கூறுவதும் தவறு. கால் முறிந்தவனை ஓடச் சொல்வோமா? “நீங்கள் வேண்டுமென்று இப்படி இல்லை என்பது எனக்குத் தெரியும்” என்ற ஒரு சொல் அவருக்குப் பேராறுதலாகும்.

முதலில் எங்குச் செல்வது?

நேரே பஹாகியா மருத்துவமனைக்குத்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. தோட்டத்தில் மருந்தகம் இருப்பின், அங்குள்ள டிரெசரிடம் முதலில் கூறலாம். அருகிலுள்ள அரசாங்க சுகாதார நிலையமாகிய கிளினிக் கெசிஹாத்தானுக்கும் செல்லலாம். அங்குக் குடிமக்கள் மருத்துவரைக் காணக் கட்டணம் 1 ரிங்கிட். அங்குள்ள மருத்துவர் தேவை எனக் கண்டால், மனநல மருத்துவர் உள்ள மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்து அனுப்புவார். ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு.

மருத்துவர் உடனே நோயின் பெயரைச் சொல்லிவிட மாட்டார். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்தாலும் படபடப்பும் உறக்கமின்மையும் தோன்றும். ஆகவே இரத்தம் சோதிப்பார். போதைப் பொருள் பழக்கம் உண்டா என அறிவார். குடும்பத்தில் எவர்க்கேனும் இத்தகைய நோய் இருந்ததா என வினவுவார். அப்பொழுதுதான் குறிப்பேடு கைகொடுக்கும். உள்ளே செல்லுமுன், “நானும் சில செய்திகள் சொல்ல வேண்டும்” எனத் தாதியிடம் தெரிவித்தால், துணைவரையும் உள்ளே அழைப்பர்.

வேலை போய்விடுமோ என்னும் அச்சம் நியாயமானது. நம் நாட்டின் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, இரண்டாண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவர்க்கு ஆண்டுக்கு 14 நாள்களும், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குட்பட்டவர்க்கு 18 நாள்களும், ஐந்தாண்டும் அதற்கு மேலும் பணியாற்றியவர்க்கு 22 நாள்களும் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க நேரிட்டால் 60 நாள்கள் வரை உண்டு. மனநோயும் நோயே. ‘எம்.சி.’ இல்லாமல் பெரட்டுக்கு வாராதவர் வேலையை இழக்கலாம், எம்.சி. பெற்றவர்க்குச் சட்டத்தின் துணை இருக்கின்றது. மருத்துவரிடம் செல்வது வேலையைக் கெடுக்காது, காக்கவே செய்யும்.

சாங்கிச் சிறை முகாமிலிருந்து ஒரு மருந்து

இந்நோய்க்கு மருந்து உண்டா என்பார்க்கு ஒரு வரலாற்றைக் கூறுவோம். ஜப்பானியர் காலத்தில், 1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது, சிறைப்பட்டவர்களுள் ஜான் கேட் என்னும் ஆஸ்திரேலிய இராணுவ மருத்துவரும் ஒருவர். சாங்கி முகாமில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவர் அடைபட்டிருந்தார். அங்கே சக கைதிகளுள் மனம் பேதலித்தோரைக் கூர்ந்து கவனித்த அவர், மனநோய்க்கு உடலிலும் காரணம் இருக்க வேண்டும் என எண்ணலானார்.

போர் முடிந்து நாடு திரும்பிய அவர், மெல்பர்ன் நகருக்கு அருகேயிருந்த ஒரு மருத்துவமனையில், பயன்படாதிருந்த ஒரு சிற்றறையை ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். லித்தியம் என்னும் ஒருவகை உப்பைத் தாமே உண்டு சோதித்தபின், மிகையெழுச்சியால் துன்புற்ற பத்துப் பேருக்குக் கொடுத்தார். பல்லாண்டு அடைபட்டிருந்தோரும் அமைதியடைந்தனர். 1949-இல் அவர் இதனை வெளியிட்டார். ஆயினும் அவருடைய முதல் நோயாளியே அடுத்த ஆண்டில் லித்தியத்தின் நச்சால் இறந்தார். மருந்தும் அளவு மீறினால் நஞ்சு என்பதை உலகம் அதனால் உணர்ந்தது. பின்னர் டென்மார்க்கைச் சேர்ந்த மோகன்ஸ் ஷோ முதலிய மருத்துவர்கள் நுணுகி ஆய்ந்தனர். இரத்தத்தைச் சோதித்து அளவறிந்து கொடுக்கும் முறையும் வந்தது. நம் அண்டை மண்ணின் சிறை முகாமில் முளைத்த ஓர் எண்ணம், இன்று உலகெங்கும் பலர் உயிரைக் காக்கின்றது. தற்கொலை எண்ணத்தைக் குறைப்பதில் லித்தியத்துக்குத் தனிச்சிறப்பு உண்டு. இஃதன்றி வேறு மருந்துகளும் இன்று உள. எவருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

லித்தியம் உட்கொள்ளும் தோட்டத் தொழிலாளர் சிலவற்றை மறவாதிருத்தல் வேண்டும். வெயிலில் வியர்வை மிகச் சிந்தினாலும், வயிற்றுப்போக்கு, வாந்தி கண்டாலும் உடலில் நீர் குறைந்து, இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். ஆகவே வெட்டுக்காட்டுக்குச் செல்லும்போது குடிநீர் மிகுதியாக எடுத்துச் செல்ல வேண்டும். உணவில் உப்பைத் திடீரென நிறுத்தலாகாது. உடல்வலிக்குக் கடையில் மாத்திரை வாங்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்; வலி மாத்திரைகளுள் சில இம்மருந்தின் அளவை ஏற்றிவிடும். கை கடுமையாக நடுங்குதல், தள்ளாடி நடத்தல், நாக்குழறுதல், வாந்தி ஆகியவை தோன்றினால், அடுத்த வேளை மருந்தைக் கொடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

வால்புரோவேட் என்னும் வேறொரு மருந்து, கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்ய வல்லது. ஆகவே இந்நோய்க்கு மருந்து உண்ணும் பெண்கள், கருவுறும் எண்ணம் இருந்தால் முன்னரே மருத்துவரிடம் கூறுதல் இன்றியமையாதது.

“சுகமாகிவிட்டதே, இனி எதற்கு மாத்திரை?” என்று நிறுத்திவிடுவதே நோய் திரும்பி வருவதற்கு மிகப் பெரிய காரணம். நீரிழிவுக்காரர் இனிப்பு நீர் குறைந்ததும் மருந்தை விட்டுவிடுகின்றாரா? மருந்தோடு, குறித்த நேரத்தில் உறங்குவதும், மதுவை விலக்குவதும் வேண்டும். விடியற்காலையில் எழ வேண்டிய தொழிலாதலால், இரவு ஒன்பது மணிக்குள் விளக்கணைப்பதை வீட்டு வழக்கமாக்கலாம். திருவிழா, திருமணம் என இரவெல்லாம் விழித்திருக்கும் நாள்களில் தனிக்கவனம் தேவை.

தெய்வமும் மருத்துவமும்

நோய் கண்டவுடன் கோயிலுக்கு நேர்ந்துகொள்வது நம் மரபு. தமிழ்நாட்டில் திருச்சிக்கு அருகேயுள்ள குணசீலம் பெருமாள் கோயிலுக்கு மனநலம் வேண்டிச் செல்வோர் இன்றும் பலர். வழிபாடு மனத்துக்கு ஆறுதல் தரும். அதனை எவரும் தடுப்பதற்கில்லை. ஆனால் வழிபாட்டைக் காரணமாக்கி மருத்துவத்தை மறுத்தல் கூடாது; நோயாளியைக் கட்டி வைத்தல் எக்காரணத்தாலும் கூடாது.

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் தமிழ்நாட்டில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் நிகழ்ந்ததை நினைவூட்டுவோம். அங்குள்ள தர்காவை நாடி வந்த மனநோயாளர்களை வைத்துப் பராமரித்த தனியார் விடுதி ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களை அங்குக் கொண்டு சேர்த்த குடும்பத்தாருள் பலர் அன்பில்லாதவர்கள் அல்லர்; வேறு வழி அறியாதவர்கள். நமக்கு வழி இருக்கின்றது. மந்திரவாதிக்கும் தாயத்துக்கும் நூற்றுக்கணக்கில் செலவிடுவோர், ஒரு ரிங்கிட் கட்டணத்தில் அரசாங்க மருத்துவரைக் காணலாம் என்பதை உணர்தல் வேண்டும்.

ஆபத்தான நாள்களில்

சோர்வில் மூழ்கியவர், “நான் இல்லாவிட்டால் உங்களுக்கெல்லாம் நிம்மதி” என்று கூறினால், அதனை வெறும் பேச்சென்று தள்ளிவிடலாகாது. “உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகின்றதா?” என நேராகவே கேட்கலாம். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக வந்துவிடாது. மாறாக, மறைத்து வைத்த சுமையை இறக்கி வைக்க அது வழிசெய்யும். ஆம் என்பாராயின் அவரைத் தனியே விடுதல் கூடாது. களைக்கொல்லி, பால் உறைய வைக்கும் அமிலம், மாத்திரைகள், வெட்டுக்கத்தி ஆகியவற்றை வீட்டிலிருந்து அகற்றிப் பூட்டி வைத்தல் வேண்டும். பின்னர் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அது இரவும் பகலும் திறந்திருக்கும். போலீசார் பிடிப்பர் என அஞ்ச வேண்டா. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023-இல் நம் நாட்டில் நீக்கப்பட்டது.

எழுச்சி முற்றியவர் மருத்துவமனைக்கு வர மறுத்தால் என் செய்வது? 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 2010-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, நோயாளியை நேரில் கண்ட மருத்துவரின் பரிந்துரையுடன் உறவினர் விண்ணப்பித்தால், அவரை மருத்துவமனையில் சேர்க்க இயலும். தமக்கோ பிறர்க்கோ ஆபத்து விளைவிக்கக் கூடியவரைப் போலீசாரும் சமூகநல அதிகாரியும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லலாம். இச்சட்டம் தண்டிப்பதற்கன்று, உயிரைக் காப்பதற்கு. அவசர வேளையில் 999 என்ற எண்ணை அழைக்கலாம். மனம் விட்டுப் பேச வேண்டுமாயின், சுகாதார அமைச்சு 2022-இல் தொடங்கிய ‘ஹீல்’ தொலைபேசிச் சேவையின் எண் 15555.

நலமாக இருக்கும் காலத்திலேயே இருவரும் அமர்ந்து ஓர் உடன்படிக்கை செய்துகொள்வது சிறந்தது. “இரண்டு இரவு நான் உறங்காவிட்டால், வங்கி அட்டையையும் மோட்டார் சைக்கிள் சாவியையும் உன்னிடம் தந்துவிடுவேன், என்னை மருத்துவரிடம் அழைத்துச் செல்” என அவரே தம் கைப்பட எழுதித் தரலாம். பிறர் இட்ட விலங்கை உடைக்க எண்ணுபவரும், தாம் தந்த சொல்லைக் காக்க முயல்வர்.

துணைவரும் மனிதரே

நோயாளியைக் காப்பவர் தம்மையும் காத்துக்கொள்ளுதல் வேண்டும். நோய் ஒருவரது நடத்தைக்கு விளக்கம் ஆகலாம். அடி வாங்குவதற்கு எவரையும் கடமைப்படுத்தாது. கை ஓங்கும் நிலை வந்தால், பிள்ளைகளுடன் பக்கத்து வீட்டுக்கோ உறவினர் வீட்டுக்கோ சென்றுவிடுதலே முறை. அது கைவிடுதல் ஆகாது. 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் பாதுகாப்புக்கு உண்டு. 15999 என்ற ‘தாலியான் காசே’ எண்ணையும் அழைக்கலாம்.

பிள்ளைகளுக்கும் உண்மையை அவர்கள் வயதுக்கேற்பச் சொல்ல வேண்டும். அப்பாவின் சினத்துக்குத் தாங்களே காரணம் என எண்ணிப் படிப்பில் பின்தங்கும் பிள்ளைகள் உண்டு. “அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, டாக்டர் மருந்து கொடுக்கின்றார், இது உன் தவறன்று” என்ற மூன்று வாக்கியங்கள் போதும்.

காச நோயைக் கண்டு ஒரு காலத்தில் நம் மக்கள் அஞ்சி மறைத்தனர். மருந்து வந்தது, மக்கள் மருத்துவரிடம் சென்றனர், அச்சம் குறைந்தது. மனநோய்க்கும் அந்நாள் வர வேண்டும். துணைவரின் உறக்கமும் பேச்சும் செலவும் வழக்கத்துக்கு மாறானவை என உங்களுக்குத் தோன்றுகின்றதா? இன்றிரவே குறிப்பேட்டில் முதல் வரியை எழுதுங்கள். அடுத்த ஓய்வு நாளில் அதனுடன் சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். அவர் உடன் வர இசைந்தால் இருவராகச் செல்லுங்கள். இசையாவிடில் முதல்முறை நீங்கள் மட்டும் சென்று மருத்துவரின் அறிவுரையைக் கேட்டு வாருங்கள்.